பஞ்ச நிவாரண வேலை முதல் நூறு நாள் வேலை வரை: செங்கல்பட்டு வட்டாரத்தில் அரசின் பொதுப்பணிகள்

சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையும் இரயில் பாதையும் அருகருகே செல்லும் வழியில், கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் இடையில் அமைந்துள்ள ஊர் பொத்தேரி. ஊரின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் மிகுந்த மாவட்டம் என்று பெயர் பெற்றது. இவ்வூரிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கடற்கரையை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. ஏரிக்கரை, சாலை, கால்வாய் ஆகிய மூன்றும் இந்த வட்டாரத்தின் வரலாற்றில் வெறும் கட்டுமானங்களாக மட்டும் இருந்ததில்லை. பிழைப்பு அற்றுப்போன காலங்களில் மக்களுக்கு அரசு கூலி கொடுத்த இடங்களும் இவையே.

மழை பொய்த்தோ, தொழில் முடங்கியோ மக்களுக்கு வேலையும் வருமானமும் இல்லாமற்போகும்போது, அரசு தன் செலவில் பொதுப்பணிகளைத் தொடங்கி, அதில் உழைப்பவர்களுக்குக் கூலி தருவதை நிவாரண வேலை என்பர். இன்றைய பொருளியலில் இது மந்தநிலைக் காலத்து அரசுச் செலவு என்ற தலைப்பில் பேசப்படுகிறது. சென்னை மாகாணத்தில் இம்முறை மிகப்பெரிய அளவில் சோதிக்கப்பட்டது தாது வருடப் பஞ்சத்தின்போது, அதாவது 1876 முதல் 1878 வரை. அப்போது எழுந்த முக்கியமான கேள்வி, என்ன வேலை கொடுப்பது என்பதன்று. வேலைக்கு வருபவருக்கு எவ்வளவு கூலி கொடுப்பது என்பதே. அந்தக் கேள்வி இன்றுவரை தீரவில்லை.

தாது வருடப் பஞ்சம்

1876இல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்துப் பொய்த்தன. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு உள்ளிட்ட மாவட்டங்களில் பயிர் கருகியது. பஞ்சம் என்றால் நாட்டில் தானியமே இல்லாத நிலை என்று பலர் நினைப்பதுண்டு. உண்மை வேறு. வயலில் வேலை இல்லாததால் விவசாயக் கூலிகளுக்குக் கையில் காசு இல்லை. துணி வாங்க ஆளில்லாததால் நெசவாளர்களுக்கும் காசு இல்லை. அதே வேளையில் தானிய விலை பல மடங்கு ஏறியது. சந்தையில் தானியம் இருந்தும் வாங்கும் சக்தி இல்லாதவர்களே முதலில் மாண்டனர். பஞ்சக் காலத்திலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. பொருளியலறிஞர் அமர்த்தியா சென் நூறாண்டுகளுக்குப் பின் விளக்கிய உண்மை இதுதான்: பட்டினிக்குக் காரணம் பெரும்பாலும் உணவு இல்லாமை அல்ல, உணவைப் பெறும் வழி இல்லாமை.

அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன். தானியம் வாங்கிச் சேமிக்க அவரது அரசு முயன்றது. வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கையில் உறுதியாக இருந்த வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு அதைக் கண்டித்துத் தடுத்தது. 1877 ஜனவரி 1ஆம் நாள் விக்டோரியா அரசியை இந்தியப் பேரரசியாக அறிவிக்கத் தில்லியில் மாபெரும் தர்பார் நடந்தது. பக்கிங்காமும் மாகாணத்தை விட்டு அதற்குச் செல்ல நேர்ந்தது. ஊரில் சாவு விழுந்துகொண்டிருக்க, தில்லியில் விருந்து நடந்தது என்று அக்காலத்து ஆங்கிலேயரிலேயே சிலர் வருந்தினர்.

தானியம் கொடுக்க முடியாத நிலையில், கையில் இருந்த ஒரே வழி வேலை கொடுப்பது. சாலைக்குச் சரளைக்கல் உடைத்தல், மண் சுமந்து ஏரிக்கரையை உயர்த்துதல், கால்வாய் வெட்டுதல் ஆகிய பணிகள் மாவட்டந்தோறும் தொடங்கப்பட்டன. 1876 முடிவதற்குள் மாகாணத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண வேலைகளில் சேர்ந்துவிட்டனர். உழைக்க இயலாத முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கஞ்சி ஊற்றப்பட்டது. சென்னைக்கு இது புதிதன்று. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இராயபுரம் பக்கம் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதால்தான், அதன் வழிவந்த இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பேச்சுவழக்குப் பெயர் நிலைத்தது.

ஒரு ராத்தல் கூலி

வேலைக்கு வருவோர் தொகை பெருகப் பெருகச் செலவும் பெருகியது. செலவைக் கட்டுப்படுத்த லிட்டன் அனுப்பிய சிறப்பு அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். இவருடைய முன்கதை கவனிக்கத்தக்கது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, இவரே பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி வரவழைத்துத் தாராளமாக நிவாரணம் தந்தார். பட்டினிச் சாவு அங்கு ஏறக்குறைய நிகழவேயில்லை. அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, அரசுப் பணத்தை வாரி இறைத்தவர் என்ற பழி. சென்னைக்கு வந்தபோது அந்தப் பழியைத் துடைத்துக்கொள்ளும் மனநிலையில் இருந்தார் என்றே கருத வேண்டியுள்ளது.

1877 ஜனவரியில் டெம்பிள் வகுத்த கூலி இது: நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், வாங்கப் போதுமான பணமும் அதனுடன் சிறு சில்லறையும். பெண்ணுக்கும் வேலை செய்யும் சிறுவருக்கும் அதிலும் குறைவு. நிவாரணம் தேடி வருபவர் சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பாலுள்ள முகாமுக்குச் செல்ல வேண்டும் என்பதும் அவர் காலத்து விதிகளில் ஒன்று. இவற்றின் நோக்கம் வெளிப்படையானது. கூலி குறைவாகவும், இடம் தொலைவாகவும், வேலை கடினமாகவும் இருந்தால், உண்மையிலேயே வேறு வழியற்றவர் மட்டுமே வருவர். துன்பம் உண்மையா என்பதை உழைப்பின் மூலம் சோதித்துப் பார்க்கும் முறை இது. ஆனால் ஏற்கனவே மெலிந்துபோன ஒருவர் பத்து மைல் நடந்து சென்று, நாள் முழுதும் கல் உடைத்து, ஒரு ராத்தல் தானியத்தில் உயிர் வாழ முடியுமா என்பதற்கு அச்சோதனையில் விடை இல்லை.

அதைக் கேட்டவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் வில்லியம் கார்னிஷ். கடின உழைப்புச் செய்பவருக்குக் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். சிறைக் கைதிகளுக்கு அரசே வகுத்திருந்த உணவளவை எடுத்துக்காட்டி, குற்றம் செய்து சிறையிலிருப்பவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகவா பசியால் வந்தவருக்குக் கொடுப்பது என்ற கேள்வியை எழுப்பினார். அவருடைய வாதம் இரக்கத்தை மட்டும் நம்பியதாக இல்லை. முகாம்களில் மக்களின் உடல் எடையையும் மரணங்களையும் கவனித்து, கணக்கோடு பேசினார். மாதங்கள் சென்றபின் சென்னை அரசு கூலியை ஒன்றே கால் ராத்தல் தானியமும் சிறிது பருப்பும் என்ற அளவுக்கு உயர்த்தியது. அது டெம்பிள் வைத்த அளவுக்கும் கார்னிஷ் கேட்ட அளவுக்கும் நடுவில் நின்றது.

பம்பாய் மாகாணத்தில் இதே கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். புனே சார்வஜனிக் சபா அவர்களுக்காக அரசுக்கு முறையிட்டது. பட்டினி கிடப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது, அந்தக் கூலியின் தரத்தைப் பற்றி எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகப் பேசுகிறது.

பஞ்சம் தணிவதற்குள் இந்தியா முழுவதும் இறந்தோர் தொகை ஐம்பது லட்சத்துக்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 3 கோடியே 12 லட்சமாக இருந்த சென்னை மாகாண மக்கள்தொகை, 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது. பத்தாண்டுகளில் இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய தொகையையும் சேர்த்து எண்ணினால்தான் இழப்பின் அளவு புரியும். பலர் இலங்கைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்த பிற நாடுகளுக்கும் கூலிகளாகச் சென்றனர்.

கால்வாய்

அந்தக் கூலிகளின் உழைப்பில் எழுந்தவற்றுள் சென்னை மக்கள் நாள்தோறும் காண்பது பக்கிங்காம் கால்வாயின் நகர்ப்பகுதி. கால்வாயின் கதை 1806இல் பசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டிய நீர்வழியுடன் தொடங்குகிறது. பின்னர் அரசு அதை ஏற்று வடக்கே ஆந்திரக் கடற்கரை வரை படிப்படியாக நீட்டித்தது. தெற்கே அடையாற்றிலிருந்து செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை வழியாக மற்றொரு பகுதி வெட்டப்பட்டது. ஆனால் நகரத்தின் நடுவே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் இணைப்பு இல்லாமல் இருந்தது. வடக்குப் படகு தெற்கே போக முடியாது. தெற்குப் படகு வடக்கே போக முடியாது.

விடுபட்டிருந்த ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளத்தையே 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகச் செல்லும் பகுதி இது. சுமார் 30 லட்சம் ரூபாய் செலவானது. 1878இல் முழுக் கால்வாய்க்கும் ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்க வாய்ப்பில்லை. அது அக்காலத்து வழக்கம், இக்காலத்து வழக்கமுங்கூட.

நிவாரண வேலையில் உருவான கட்டுமானம் பயனுள்ளதா, குழியை வெட்டிக் குழியை மூடும் வேலையா என்ற விவாதம் எந்தக் காலத்திலும் உண்டு. இக்கால்வாயைப் பொறுத்தவரை விடை தெளிவு. பல பத்தாண்டுகள் விறகும் உப்பும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் இதன் வழியே படகுகளில் சென்னைக்கு வந்தன. இரயிலும் லாரியும் வந்தபின் போக்குவரத்துக் குறைந்தது. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பின் கால்வாய் தூர்ந்து, நாளடைவில் சாக்கடையாயிற்று. 1990களில் பறக்கும் இரயிலுக்கான தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நடப்பட்டன. பஞ்சத்தில் பட்டினிக் கூலிக்கு வெட்டிய பள்ளம், நகரத்துக்கு விலையின்றிக் கிடைத்த நிலமாகப் பயன்பட்டது என்றும் சொல்லலாம்.

பஞ்சச் சட்டத்தொகுப்பு

1880இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் 1883 முதல் மாகாணங்கள் பஞ்சச் சட்டத்தொகுப்புகளை வகுத்தன. பஞ்சத்தின் அறிகுறிகள் தெரிந்தவுடன் முதலில் சோதனை வேலை தொடங்குவது, ஆட்கள் திரண்டு வந்தால் முழு நிவாரணத்தை அறிவிப்பது, உடல்நலம் கெடாத அளவுக்குக் கூலி தருவது, உழைக்க இயலாதோருக்கு இலவச உதவி என்ற வரிசை எழுத்தில் வந்தது. கார்னிஷின் வாதம் ஓரளவு வென்றது எனலாம். எனினும் இது அதிகாரிகளுக்கான கையேடாகவே இருந்தது. வேலை கேட்பது மக்களின் உரிமை என்று அதில் எங்கும் இல்லை.

இந்தப் பட்டறிவு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் 1847 மார்ச் மாதத்தில் ஏழு லட்சம் பேர் வரை நிவாரணச் சாலை வேலைகளில் இருந்தனர். அங்கும் கூலி விலைவாசியை எட்டவில்லை. மெலிந்தவர்கள் வேலைத்தலத்திலேயே விழுந்தனர். முடிவில் வேலைகளை மூடிவிட்டுக் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அந்த நிவாரணத்தை இலண்டனிலிருந்து நடத்திய சார்லஸ் டிரெவெலியன்தான் 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர்.

பெருமந்தக் காலம்

1930களின் உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்து, சென்னை மாகாணத்து உழவர்கள் கடனில் மூழ்கினர். அமெரிக்காவில் ரூசுவெல்ட் 1935இல் தொடங்கிய பொதுப்பணி நிர்வாகம் எட்டு ஆண்டுகளில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்தது. அரசு கடன் வாங்கியாவது செலவு செய்தால், கூலியாளின் பணம் கடைக்காரருக்கும், கடைக்காரரின் பணம் நெசவாளருக்கும் போய்ச் சுழன்று தொழிலை எழுப்பும் என்பதை 1936இல் கெயின்ஸ் கோட்பாடாக எழுதினார். இவர் தம் பணிவாழ்வை இலண்டனில் இந்திய அலுவலகத்தில் தொடங்கியவர் என்பது ஒரு சுவையான செய்தி. இந்தியாவை ஆண்ட அரசோ அக்கோட்பாட்டுக்கு நேர்மாறாகச் செலவைச் சுருக்கி, 1931இல் ஊழியர் சம்பளத்தையும் வெட்டியது. அவ்வாண்டு தொடங்கிய சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்சார இரயிலும், 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் மந்தநிலைக்காகத் திட்டமிடப்பட்டவை அல்ல. இரண்டும் 1920களின் திட்டங்கள்.

சலுகை உரிமையான கதை

திருப்பம் மகாராட்டிரத்தில் நிகழ்ந்தது. 1972-73ஆம் ஆண்டுக் கடும் வறட்சியில், 1973 மே மாதம் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர் அங்கே நிவாரண வேலைகளில் இருந்தனர். பெரும் பட்டினிச் சாவு தவிர்க்கப்பட்டது. அதே மண்ணின் முன்னோர்தாம் 1877இல் கூலி போதாமல் வெளியேறியவர்கள். இந்தப் பட்டறிவிலிருந்து 1977இல் அம்மாநிலம் வேலை உறுதிச் சட்டம் இயற்றியது. அதுவே 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு முன்மாதிரி.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தை டெம்பிள் விதிகளுக்கு அருகில் வைத்துப் படித்தால் வேறுபாடு விளங்கும். அன்று பத்து மைலுக்கு அப்பால். இங்கு ஐந்து கிலோமீட்டருக்குள், அதைத் தாண்டினால் பத்து விழுக்காடு கூடுதல் கூலி. அன்று பெண்ணுக்குக் குறைந்த கூலி. இங்கு சமக் கூலி, மூன்றில் ஒரு பங்கு வேலை பெண்களுக்கு. வேலை கேட்டுப் பதினைந்து நாளில் தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். ஒப்பந்ததாரருக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்றே அறியப்பட்ட இத்திட்டத்தில் வேலை பார்த்தவர்களில் பெரும்பான்மையர் பெண்கள். ஏரியில் தூர் வாருவதும் வரத்துக் கால்வாய் சீரமைப்பதும் இங்கு முதன்மைப் பணிகளாயின.

செங்கல்பட்டு வட்டாரம் அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2006இல் முதற்கட்ட மாவட்டங்களில் அது இல்லை. நாடு முழுவதும் திட்டம் விரிந்த 2008 ஏப்ரலில்தான் இங்கு வந்தது. சில மாதங்களில் உலக நிதி நெருக்கடி வெடித்தது. நகரத் தொழில்கள் தள்ளாடியபோது ஊரகக் கூலி நின்றுபோகாமல் இருந்ததற்கு இத்திட்டமும் ஒரு காரணம். அடுத்த பெரிய சோதனை 2020இன் பெருந்தொற்று. அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 61,500 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்த நடுவண் அரசு, மே மாதத்தில் மேலும் 40,000 கோடி அறிவித்தது. நாடு முழுவதும் 380 கோடிக்கும் மேற்பட்ட மனித உழைப்பு நாட்கள் அவ்வாண்டில் பதிவாயின.

கூலிப் பிரச்சினை மட்டும் வேறு உருவில் தொடர்ந்தது. தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 2020-21இல் 256 ரூபாய், 2024-25இல் 319 ரூபாய். தோண்டிய மண்ணை அளந்து கூலி கணக்கிட்டதால், முழுத் தொகை எல்லோர் கைக்கும் வரவில்லை. 2024 இறுதியில் தொடங்கி மாதக்கணக்கில் கூலி நிலுவையில் நின்றது. பதினைந்து நாளில் கூலி என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நாட்கூலியை நம்பி உலை வைக்கும் வீட்டில், மூன்று மாதம் கழித்து வரும் கூலி குறைந்த கூலிக்குச் சமம்.

பொத்தேரியும் நகராட்சி எல்லையும்

2005ஆம் ஆண்டுச் சட்டம் ஊரகத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது. பொத்தேரி, மறைமலை நகர் நகராட்சிக்குள் அடங்கிய ஊர். எனவே நூறு நாள் வேலைக்கு இங்கு இடமில்லாமற்போயிற்று. சில கிலோமீட்டர் தள்ளி, காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தின் ஊராட்சிகளான காயரம்பேட்டிலும் பெருமாட்டுநல்லூரிலும் திட்டம் செல்லுபடியானது. ஏரி ஒரே மாதிரி ஏரிதான். கரையில் மண் சுமக்க வருபவரின் தேவையும் ஒன்றுதான். எல்லைக்கோடு மட்டும் வேறு.

தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகமும் வந்தபின் இங்கு வேலைக்குக் குறைவில்லை என்பது பொதுவான எண்ணம். 2020 ஊரடங்கில் விடுதிகளும் உணவகங்களும் கட்டட வேலைகளும் நின்றபோது, அவற்றை நம்பியிருந்தவர்களுக்கு ஊராட்சியில் இருப்பவருக்குக் கிடைத்த பிடிமானம் கிடைக்கவில்லை. 2021 செப்டம்பரில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோதும், துணைத்தொழில்களின் தற்காலிகக் கூலியாட்களுக்கு அதே நிலைதான்.

சி. ரங்கராஜன் தலைமையில் தமிழ்நாடு அரசு அமைத்த குழு 2020இல் நகர்ப்புறத்துக்கும் வேலைத் திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளம் 2010லேயே அய்யன்காளி பெயரில் அத்தகைய திட்டத்தைத் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மண்டலங்கள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் மட்டும் முன்னோடியாகச் செயற்படுத்தப்பட்டது. மழைநீர் வடிகால் தூர் வாருதல், பூங்கா பராமரிப்பு, நீர்நிலைச் சீரமைப்பு ஆகியவை அதன் பணிகள். ஊரகச் சட்டத்தைப் போல, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. எந்த ஊரில், எத்தனை நாள் என்பதை ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் நிதியே முடிவு செய்கிறது.